ஒரு விரற்கடை, ஒரு சாண்

நீச்சற்குளத்தின் கதை – 23

சென்ற இதழைப் பெய்ஜிங்கில், 2008 ஆகஸ்ட் 16-ஆம் தேதி காலையில் நிறுத்தியிருந்தோம். ஆண்கள் 100 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டி. அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 50.58 நொடி, செர்பியாவின் மிலொராட் சாவிச் 50.59. ஃபெல்ப்ஸுக்கு அந்த ஒலிம்பிக்கில் அது ஏழாவது தங்கம். 1972-இல் மார்க் ஸ்பிட்ஸ் மியூனிக்கில் வாங்கிய ஏழுக்குச் சரியாக வந்து நின்றார். அரங்கமே ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தபோது செர்பியக் குழு மட்டும் நடுவர்களைத் தேடிப் போனது. தீர்ப்பை ஏற்க அவர்களுக்கு மனமில்லை.

தொலைக்காட்சியில் அந்தப் போட்டியைப் பார்த்தவர்கள் செர்பியர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். பாதி வழியில், சுவரைத் தொட்டுத் திரும்பும்போது ஃபெல்ப்ஸ் ஏழாவது இடத்தில் இருந்தார். சாவிச்சுக்கு 0.62 நொடி பின்னால். கடைசி ஐந்து மீட்டரிலும் சாவிச்சின் தலைதான் முன்னால் தெரிந்தது. அவர் கைகளை நீட்டி, சுவரை நோக்கிச் சறுக்கிவந்தார். ஃபெல்ப்ஸோ கைகளை இன்னொரு முறை தூக்கி, அவசரமாக ஓர் அரைவீச்சு வீசினார். அந்த அரைவீச்சுதான் தன் தங்கத்தைக் கெடுத்துவிட்டது என்று அந்தக் கணத்தில் நினைத்ததாக அவரே பிறகு சொன்னார். கெடுக்கவில்லை, அதுதான் வாங்கித் தந்தது.

பட்டர்ஃபிளையின் தனிக் குணம் இதில் இருக்கிறது. ஃப்ரீஸ்டைலில் ஒரு கை பின்னால் போனால் மறு கை முன்னால் இருக்கும். சுவர் எப்போது வந்தாலும் நீட்ட ஒரு கை உண்டு. பட்டர்ஃபிளையில் இரண்டு கையும் சேர்ந்தே போக வேண்டும், சேர்ந்தே வர வேண்டும். திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரில் படவேண்டும் என்பது விதி. 1930-களில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலிருந்து கிளைத்து, 1952-இல் தனிவகையாகப் பிரிந்தபோது தாயிடமிருந்து கொண்டுவந்த சீதனம் அது. கைகள் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும்போது உடல் பாயும். கைகள் மேலே சுற்றி வரும்போது வேகம் இறங்கும். ஆகவே சுவர் எந்த இடத்தில் வந்து வாய்க்கிறது என்பது பெரிய விஷயம். வீச்சு முடியும் இடத்தில் சுவர் இருந்தால் பாக்கியம். அரை வீச்சு மிச்சம் இருந்தால் இரண்டே வழி: நீட்டிய கையோடு சறுக்குவது, அல்லது இன்னொரு குறுவீச்சு போடுவது. சறுக்குகிறவர் ஒவ்வொரு அங்குலத்துக்கும் வேகத்தை இழக்கிறார். வீசுகிறவர் முதலில் கொஞ்சம் பின்தங்கி, பிறகு வேகத்தோடு போய் அறைகிறார்.

அறைவது என்றேன். சுவரில் தொங்கும் தொடுபலகைக்கு விரல் உரசுவது தெரியாது. அழுத்தினால்தான் கடிகாரம் நிற்கும். குளத்து அலை பட்டு நின்றுவிடக் கூடாதே என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். ஒமேகா நிறுவனத்தின் நீரடிக் கேமரா எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்த கென்யாவைச் சேர்ந்த நடுவர் பென் எகும்போ, அழுத்தியதில் ஃபெல்ப்ஸே முந்தினார் என்று அறிவித்தார். படங்களைப் பார்த்தபின் செர்பியக் குழு முறையீட்டைத் தொடரவில்லை. அந்த வேகத்தில் நூறில் ஒரு நொடி என்பது ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர். நம் பழைய அளவில் ஒரு விரற்கடை.

சாவிச் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். ஆனால் சுவரை எட்டியதில் தான் பிந்தவில்லை என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை. ஓராண்டு கழித்து ரோம் உலக நீச்சல் சாம்பியன்ஷிப்புக்கு வந்தபோதும் அது கூடவே வந்தது.

ரோம் என்றதும் அந்தக் குளத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஃபோரோ இத்தாலிகோ முசோலினி தன் பெயரில் கட்டிய விளையாட்டு வளாகம். போருக்குப் பின் பெயர் மாறியது. அதிலுள்ள திறந்தவெளி நீச்சல் அரங்கம் 1960 ஒலிம்பிக்குக்காக எழுந்தது. நீச்சல் வரலாற்றின் ஆகப் பெரிய கால அளவைச் சண்டை அங்கேதான் நடந்தது. ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல். ஆஸ்திரேலியாவின் ஜான் டேவிட், அமெரிக்காவின் லான்ஸ் லார்சன் இருவரும் ஏறத்தாழ ஒன்றாகவே முடித்தார்கள். ஒரு தடத்துக்கு மூன்று பேர் நிறுத்துகடிகாரம் வைத்திருந்தார்கள். டேவிட்டுக்கு மூன்றிலும் 55.2. லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் லார்சன் என்று சொல்லும். ஆனால் அந்நாளில் கடிகாரத்தைவிடக் கண்ணுக்கு மதிப்பு அதிகம். முதலிடத்தைப் பார்க்க உட்கார்ந்த மூவரில் இருவர் டேவிட் என்றார்கள். இரண்டாமிடத்தைப் பார்க்க உட்கார்ந்த மூவரிலும் இருவர் டேவிட் என்றார்கள்; அதாவது அவர்கள் கணக்கில் லார்சன் முதல்வர். மூன்றுக்கு மூன்று. ஸ்வீடனைச் சேர்ந்த தலைமை நடுவர் ஹான்ஸ் ருன்ஸ்ட்ரோமர் டேவிட்டுக்குத் தங்கம் என்று முடித்தார். லார்சனின் நேரத்தை 55.2 என்று திருத்தியும் எழுதினார்கள். அமெரிக்கா ஆண்டுக்கணக்கில் முறையிட்டுப் பார்த்தது, பலன் இல்லை.

லார்சன் தொடர்பாக இன்னொரு செய்தி உண்டு. அதே 1960-இல், ரோமுக்கு வருவதற்கு முன்பே, 100 மீட்டர் பட்டர்ஃபிளையை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் மனிதர் அவர்தான். ஆனால் 100 மீட்டர் பட்டர்ஃபிளை ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1968-இல். தன் சிறந்த வகையில் போட்டியே இல்லாத ஒலிம்பிக்கில், அடுத்த வகையில் இறங்கி, வென்றும் தோற்றார் மனிதர்.

கண்ணை நம்பி விளைந்த அந்த வம்புக்குப் பிறகுதான் தொடுபலகைக்கு வேகம் பிறந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அது சுவருக்கு வந்துவிட்டது. 1972 மியூனிக்கில் ஆயிரத்தில் இரண்டு நொடி வித்தியாசத்தில் ஒரு தங்கத்தைத் தீர்மானித்த கதையைப் பழைய அத்தியாயம் ஒன்றில் பார்த்தோம். தடத்துக்குத் தடம் சுவரே சில மில்லிமீட்டர் முன்பின் இருக்கும்போது ஆயிரத்தைப் பிளப்பதில் பொருள் இல்லை என்று, அதன்பின் நூறில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தக் குளத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 2021 ஜூனில் இங்கே நடந்த செத்தே கொல்லி போட்டியில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்து, ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரத்தைத் தொட்ட முதல் இந்தியரானார் சஜன் பிரகாஷ். தேவைப்பட்டது 1:56.48. இடுக்கியில் பிறந்தவர், வளர்ந்து நீந்தப் பழகியது நெய்வேலியில். சரி, 2009-க்குப் போவோம்.

அந்த ஆண்டு நீச்சல் உலகத்தில் நீந்துகிறவர்களைவிட அவர்கள் உடுத்துவதைப் பற்றித்தான் பேச்சு. தொடங்கி வைத்தது ஸ்பீடோ நிறுவனம். 2008 பிப்ரவரியில் ‘லேசர் ரேசர்’ என்ற உடையைக் கொண்டுவந்தது. தைக்காமல் ஒலியலையால் ஒட்டிய இணைப்புகள். தண்ணீரை உறிஞ்சாத துணிமேல் பாலியூரித்தேன் பட்டைகள். நாசாவின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்த மூலப்பொருள்கள். பெய்ஜிங்கில் விழுந்த உலக சாதனைகளில் பெரும்பாலானவை அதை அணிந்தவர்களுடையவை. இத்தாலியின் பயிற்சியாளர் ஆல்பெர்த்தோ கஸ்தஞேத்தி அதைத் தொழில்நுட்ப ஊக்கமருந்து என்றே வைதார்.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததுதான் வேடிக்கை. இத்தாலிய நிறுவனங்களான ஜாக்கெடும் அரேனாவும் பட்டைகளை விட்டுவிட்டு, முழு உடையையும் பாலியூரித்தேனிலேயே செய்து சந்தைக்கு விட்டன. அதற்குள் நுழையவே கால் மணி, அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். விரல் நகம் பட்டால் கிழியும். ஆனால் உள்ளே போய்விட்டால் அது உடலை உருளையாக இறுக்கி, தோலின் அதிர்வை அடக்கி, துளிக்காற்றைப் பிடித்துவைத்து, இடுப்பைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குத் தூக்கிக் கொடுக்கும். நீச்சலில் களைப்பு முதலில் காட்டிக்கொடுப்பது இடுப்பைத்தான். அது தாழ்ந்தால் கால் தாழும், கால் தாழ்ந்தால் தண்ணீர் பிடித்து இழுக்கும். பல ஆண்டு வயிற்றுத் தசைப் பயிற்சியில் வரவேண்டிய பலனை இந்த உடை கடையில் விற்றது. கஸ்தஞேத்தி திட்டிய லேசர் ரேசர் ஒரே ஆண்டில் பழசாகிவிட்டது.

சர்வதேச நீச்சல் கூட்டமைப்பான ஃபினா இதில் நடந்துகொண்ட விதத்தைப் பாராட்ட வழியே இல்லை. மே மாதம் சில உடைகளைத் தள்ளியது. ஜூனில் அவற்றில் பலவற்றை உள்ளே விட்டது. ஜூலை 24 அன்று ரோமிலேயே கூடிய அதன் பொதுக்குழு, துணியல்லாத உடைகள் அத்தனையையும் தடை செய்யப் பெருவாரியாக வாக்களித்தது. ஆனால் தடை அடுத்த ஜனவரியில்தான் நடைமுறைக்கு வரும். இரண்டு நாள் கழித்து நீச்சல் போட்டிகள் தொடங்கின. வாக்களித்த நாடுகளின் வீரர்கள் அதே உடைகளைப் போட்டுக்கொண்டு தடமேடைகளில் ஏறினார்கள். நமக்கு அது ஆடி மாதம். ரோமில் உலக சாதனைகளுக்கு ஆடித் தள்ளுபடி. எட்டு நாளில் 43 சாதனைகள் போயின.

ஜூலை 28-ஆம் தேதி ஃபெல்ப்ஸ் அடிபட்டார். ஜெர்மனியின் பால் பீடர்மன் அரேனாவின் எக்ஸ்-கிளைட் உடையில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1:42.00-இல் முடித்தார். ஃபெல்ப்ஸ் 1:43.22. பெய்ஜிங்கில் அவர் வைத்த 1:42.96 என்ற சாதனையும் கூடவே போயிற்று. பீடர்மன் நேர்மையான மனிதர். தன் நேரத்தில் உடைக்கும் பங்கு உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். ஃபெல்ப்ஸின் பயிற்சியாளர் பாப் போமனுக்கோ பொறுக்கவில்லை. இந்த உடைகள் ஒழியும்வரை தன் சீடனைச் சர்வதேசப் போட்டிகளுக்கு அனுப்பாமல் இருக்க யோசிப்பேன் என்றார். முந்தைய ஆண்டு லேசர் ரேசரின் பலனை அனுபவித்த தரப்பிலிருந்து வந்த கோபம் இது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பீடோவோடு ஒப்பந்தம் இருந்ததால் ஃபெல்ப்ஸ் வேறு உடைக்கு மாறவில்லை. இங்கேதான் சாவிச் வாயைத் திறந்தார்.

அவர் பேச்சுக்கு அஞ்சுகிறவர் இல்லை. கலிஃபோர்னியாவில் செர்பியப் பெற்றோருக்குப் பிறந்து, பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காக நீந்தி, பெற்றோரின் நாட்டுக்காக ஒலிம்பிக் போனவர். 2008 மார்ச்சில் ஐந்தோவன் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 50 மீட்டர் பட்டர்ஃபிளையில் தங்கம் வென்றபோது, கொசோவோ செர்பியாவுடையது என்று எழுதிய சட்டையோடு பரிசுமேடை ஏறினார். மீதிப் போட்டிகளிலிருந்து விலக்கி அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவர் ரோமில், எக்ஸ்-கிளைட் உடுத்தியபடி, ஃபெல்ப்ஸுக்கு வேறு உடை கிடைக்கும், கிடைக்கவில்லை என்றால் நானே காசு போட்டு வாங்கித் தருகிறேன் என்ற பொருள்பட நிருபர்களிடம் சொன்னார். ஃபெல்ப்ஸின் காதில் அது விழுந்தது. வாய்ச்சவடாலுக்குப் பதில் சொல்லாமல் அதைத் தண்ணீருக்குள் எடுத்துப் போவது அவருடைய பழக்கம்.

சாவிச்சின் சவடாலுக்கு ஆதாரமும் இருந்தது. அந்த வாரத் தொடக்கத்தில் 50 மீட்டர் பட்டர்ஃபிளையில் 22.67 நொடியில் உலகச் சாம்பியன் ஆகியிருந்தார். 100 மீட்டரில் அமெரிக்காவின் இயன் குரோக்கர் 2005-இல் மான்ட்ரியலில் வைத்த 50.40 நான்காண்டு அசையாமல் நின்றது. ரோமுக்கு மூன்று வாரம் முன்பு இண்டியனாபோலிஸில் ஃபெல்ப்ஸ் அதை 50.22 ஆக்கினார். ஜூலை 31 அரையிறுதியில் சாவிச் அதையும் தகர்த்து 50.01-இல் வந்தார். ஐம்பது என்ற கோட்டுக்கு முன்னால் ஒரு விரற்கடை மிச்சம்.

ஃபெல்ப்ஸின் நிலை அத்தனை நன்றாக இல்லை. பெய்ஜிங்குக்குப் பிறகு மாதக்கணக்கில் குளத்துப் பக்கமே போகவில்லை. போதைப்புகைக் குழாயோடு ஒரு விருந்தில் இருந்த படம் 2009 தொடக்கத்தில் வெளியாகி, அமெரிக்க நீச்சல் அமைப்பு அவரை மூன்று மாதம் ஒதுக்கி வைத்தது. ரோமுக்கு அரைப் பயிற்சியோடு வந்தவர் என்றே சொல்லலாம்.

ஆகஸ்ட் 1, சனிக்கிழமை மாலை. வெளிச்சம் மங்காத திறந்தவெளி அரங்கம். சாவிச் எய்த அம்பாகக் கிளம்பினார். சுவரைத் தொட்டுத் திரும்பும்போது கடிகாரம் 22.69 காட்டியது. கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள்: 50 மீட்டர் மட்டும் நீந்தி அவர் தங்கம் வாங்கிய நேரம் 22.67. முழுப் பந்தயத்தின் வேகத்தைப் பாதிப் பந்தயத்திலேயே செலவழித்துவிட்டு, மீதி ஐம்பதை எப்படிக் கடப்பது என்பதை அந்த உடையிடம் ஒப்படைத்திருந்தார். என் கணக்கில் அவர் தோற்ற இடம் அதுதான். பெய்ஜிங்கில் தன்னைப் பின்னிருந்து பிடித்தவனை, பிடிக்க முடியாத தூரத்தில் நிறுத்திவிட வேண்டும் என்ற தவிப்பு அந்த 22.69-இல் தெரிகிறது.

ஃபெல்ப்ஸ் 23.36. இடைவெளி 0.67 நொடி, பெய்ஜிங்கைவிடக் கூடுதல். அவருக்கு அது புதிதில்லை. 2004 ஏதென்ஸிலும் 2007 மெல்போர்னிலும் குரோக்கரைக் கடைசி மீட்டர்களில்தான் பிடித்தார். ஏதென்ஸில் வித்தியாசம் நூறில் நான்கு, மெல்போர்னில் நூறில் ஐந்து. திரும்பியதும் நீருக்கடியில் டால்ஃபின் உதையோடு வெகுதூரம் வந்து மேலெழுந்தார். எழுபது மீட்டரிலும் சாவிச் முன்னால். எண்பதிலும் முன்னால். அதற்குப் பிறகு சாவிச்சின் கைகள் தண்ணீரிலிருந்து எழச் சிரமப்படுவது தெரிந்தது; ஃபெல்ப்ஸின் வீச்சு நீளம் குறையவே இல்லை. கடைசி இரண்டு வீச்சில் தோளுக்குத் தோள். இம்முறை சுவர் ஃபெல்ப்ஸின் வீச்சுக்குப் பொருந்தி வந்தது. அரைவீச்சுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஃபெல்ப்ஸ் 49.82. சாவிச் 49.95. இரண்டாவது ஐம்பதை மட்டும் எடுத்துப் பார்த்தால் 26.46-க்கு 27.26. இடைவெளி 0.13 நொடி, அந்த வேகத்தில் இருபத்தைந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு சாண். நீரடிப் படம் எதையும் யாரும் கேட்கவில்லை.

லார்சன் ஒரு நிமிடத்தை உடைத்து நாற்பத்தொன்பது ஆண்டு ஆகியிருந்தது. ஐம்பது நொடியை ஒரே போட்டியில் இருவர் உடைத்தார்கள், தோற்றவரும் அதற்குள்தான் வந்தார். வெண்கலம் வாங்கிய ஸ்பெயினின் ரஃபேல் முன்யோஸின் நேரம் 50.41. ஜூலை முதல் வாரம் வரை உலக சாதனையாக இருந்த 50.40-க்கு நூறில் ஒரு நொடிதான் பின்னால்! ஃபெல்ப்ஸ் தடக்கயிற்றின் மேல் ஏறி, கத்தி, தண்ணீரை அறைந்து, தன் உடையை விரலால் பிடித்து இழுத்துக் காட்டினார். யாருக்குக் காட்டினார் என்று யாரும் கேட்கவில்லை. எட்டுத் தங்கம் வாங்கிய பெய்ஜிங்கில்கூட அவரை இத்தனை ஆவேசமாகப் பார்த்தது ஓரிரு முறைதான்.

இந்த 49.82-ஐ என்ன செய்வது என்று இன்றைக்கும் நீச்சல் ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். ரோமின் 43 சாதனைகளோடு சேர்த்து இதையும் ஒதுக்கிவை என்பது ஒரு கட்சி. நேரத்தைப் பொறுத்தவரை அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. லேசர் ரேசரும் பாலியூரித்தேன் கலந்ததுதான், ஃபெல்ப்ஸ் ஒன்றும் வேட்டி கட்டிக்கொண்டு நீந்தவில்லை. மூன்றாண்டு கழித்து லண்டன் ஒலிம்பிக்கில் அதே 100 மீட்டரை, இடுப்பிலிருந்து முழங்கால்வரையான துணி உடையில், 51.21-இல் வென்றார். 1.39 நொடி கூடுதல். வயதைக் கழித்தாலும் மிச்சத்தை உடைதான் கொண்டுபோயிருக்க வேண்டும். ஆனால் யார் முதல், யார் இரண்டாவது என்ற கேள்விக்கு இந்தக் கழித்தல் கணக்கு தேவைப்படாது. வேகமான உடை தோற்றவர் மேல் இருந்தது. ரோமில் நடந்த எத்தனையோ பந்தயங்களில் உடை ஜெயித்ததா ஆள் ஜெயித்தாரா என்று தயங்க வேண்டியிருக்கிறது. இதில் தயக்கம் இல்லை.

ஃபினா பழைய சாதனைகளை அழிக்கவும் இல்லை, தனிப் பட்டியலில் போடவும் இல்லை. 2010 ஜனவரி 1 முதல் உடை மாறியது, எண்கள் அப்படியே நின்றன. பத்தாண்டுக் காலம் 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீந்தியவர்கள் எல்லாரும் இல்லாத ஓர் உடையோடு போட்டியிட்டார்கள். 2019 ஜூலையில் தென்கொரியாவின் குவாங்ஜு உலகச் சாம்பியன்ஷிப் அரையிறுதியில்தான் அமெரிக்காவின் கேலப் டிரெசல், துணிக் கால்சட்டையில், 49.50 என்று அதை இறக்கினார்.

சாவிச்சுக்கு 2010-இல் முதுகில் அறுவைச் சிகிச்சை. லண்டன் இறுதிப் போட்டிவரை வந்தார், 51.81-இல் நான்காமிடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டு, அத்தோடு குளத்தைவிட்டு விலகினார். அந்தப் பந்தயத்தில் ஃபெல்ப்ஸுக்குப் பின்னால் 51.44-இல் வெள்ளியைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் சாட் லே குளோஸ். நான்காண்டு கழித்து ரியோவில் வெள்ளியை மூன்று பேர் பகிர நேர்ந்தது. லே குளோஸ் அதிலும் இருந்தார், ஃபெல்ப்ஸும் இருந்தார். மூவருக்கும் 51.14. அவர்களுக்கு முக்கால் நொடி முன்னால், 50.39-இல் சுவரைத் தொட்டிருந்தவர் ஒரு சிங்கப்பூர் இளைஞர். 2008-இல், பெய்ஜிங்குக்குப் போகும் வழியில் அமெரிக்க அணி சிங்கப்பூரில் பயிற்சிக்குத் தங்கியபோது, மூக்குக்கண்ணாடி போட்ட பதின்மூன்று வயதுப் பையனாக ஃபெல்ப்ஸின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர் அவர். பெயர் ஜோசஃப் ஸ்கூலிங். அடுத்த அத்தியாயம் அவருடையது.